மொத்தம் கடைசி வரியில்

கணக்கியல் இறுதியாண்டு வகுப்பில் அவளுக்குப் பேரேடு என்று பட்டப்பெயர். எழுத்துத் தேர்வு எதிலும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. பேச்சுப் பயிற்சியில் மட்டும் பத்துக்கு நான்கு. ஆசிரியை கம்பெனி முதலாளியாக உட்காருவார். கம்பெனி நஷ்டத்தில் மூழ்கிவிட்டதை எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

"முதல் மாச விற்பனை நல்லா இருந்தது மேடம். ரெண்டாம் மாசம் கொஞ்சம் குறைஞ்சது. மூணாம் மாசம்..."

"அம்மா தாயே, என் கம்பெனி இருக்கா, போச்சா?"

"பேரேடு வாயைத் திறந்தா வருஷம் முடிஞ்சுதான் மூடும் மேடம்" என்றாள் பின்பெஞ்சுத் தோழி. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"மொத்தம் கடைசியிலதானே வரும்?" என்றாள் இவள்.

"அது தாள்ல. எதிர்ல இருக்கிறவங்களுக்கு அதுவரைக்கும் உயிர் ஊசலாடும். முடிவை முதல்ல சொல்லு. அப்புறம் பேசாம அவங்க முகத்தைப் பாரு."

பேச்சுப் பயிற்சியின் மறுதேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அப்பாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் விடிந்ததும் அம்மா குளித்து வர வீட்டுக்குப் போனாள். ஏழு இருபதுக்கு அப்பா போய்விட்டார். போனில் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

எட்டு மணிக்கு அம்மா வராந்தாவில் வந்தாள். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க், இஸ்திரி போட்ட சட்டை.

"முழிச்சிட்டாராடி?"

"ஆறு மணிக்கு முழிச்சார்மா. உன்னைக் கேட்டார். ஆறரைக்கு ரெண்டு வாய் தண்ணி குடிச்சார்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "நான் சொல்லலை? இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பாரேன்."

"ஏழு மணிக்கு பிரஷர் இறங்கிடுச்சு. ஊசி போட்டாங்க. கொஞ்சம் ஏறிச்சு..."

"ஏறிடுச்சுல்ல, அப்புறம் என்ன?"

ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே அம்மா அறைக்கு நடந்தாள். ஏழு இருபதுக்கு இவள் இன்னும் வந்து சேரவில்லை. கதவைத் திறந்துதான் அம்மா அதைத் தெரிந்துகொண்டாள்.

மறுதேர்வுக்கு அவள் போனாள். ஆசிரியையின் எதிரே உட்கார்ந்து, "உங்க கம்பெனியைக் காப்பாத்த முடியலை மேடம்" என்றாள். பிறகு பேசாமல் அவர் முகத்தையே பார்த்தாள். கடைசியில் ஆசிரியைதான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பத்து என்று எழுதினார்.

வீட்டில் அம்மா அந்தச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

"தண்ணி குடிச்சார்னு சொன்னியே, நிஜம்தானே?"

"நிஜம்மா. ரெண்டு வாய்."

"ஆறரைக்கா?"

"ஆறரைக்கு."

"அதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாரா? முதல்லேருந்து சொல்லுடி."

அவள் ஆறு மணியிலிருந்து தொடங்கினாள்.