பிரிக்பீல்ட்ஸில் மனைவி, கிள்ளானில் தம்பி

எங்கள் அத்தைக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனதற்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் சாவுதான் காரணம். அவர் எங்களுக்கு உறவும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. அவர் செத்ததே ஒரு ஊமைப்படத்தில்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நான்கு பேர் குடியிருந்தோம். அத்தைக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், வருகிறவர்கள் காப்பியைக் குடித்து முடித்ததும் கேட்கிற முதல் கேள்வி அவளைப் பற்றியதாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அத்தைக்குப் பிடித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

பேசும் படம் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு அடிபட்டாலும் எங்கள் பக்கத்துக் கொட்டகையில் இன்னும் ஊமைப்படம்தான் ஓடியது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு கதையைத் தமிழில் உரக்கச் சொல்வார். நடுநடுவே வரும் எழுத்தை அப்பா போன்ற இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அவருக்கு முன்பே படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் அந்தக் கொலைப்படத்தில் வந்த எழுத்து இங்கிலீஷ் இல்லை. ஏதோ வேறு வெள்ளைக்காரப் பாஷை. அப்பாவுக்கு முதல் தடவையாக வேலை இல்லாமல் போயிற்று. கதை சொல்பவர் சொன்னதுதான் கதை.

கதை இதுதான். பெரிய மாளிகை, வெளியே மழை. பணக்காரக் கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடக்கிறார். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் இளம் மனைவி, கிழவரின் தம்பி, ஒரு டாக்டர். கடைசியில் போலீஸ் வந்து மூன்று பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறது. மனைவி கதறி அழுகிறாள். அதோடு படம் முடிகிறது. கொன்றது மனைவிதான் என்றும் அவள் அழுவது மாட்டிக்கொண்டதற்காக என்றும் பிரிக்பீல்ட்ஸில் கதை சொன்னவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

கொலைப்படம் என்பதால் எங்களை அழைத்துப் போகாமல் அப்பா மட்டும் போய்ப் பார்த்தார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கொலை தினமும் நடந்தது. அப்பாவே கிழவர், அப்பாவே மனைவி, அப்பாவே போலீஸ். அக்கம்பக்கத்து ரயில்வேக்காரர்களும் வந்து உட்கார்ந்து அபிப்பிராயம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ரயில் கார்டு, அவள் கோப்பையில் ஊற்றும்போதே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். ஸ்டோரில் வேலை பார்த்தவர், அப்படி உடுத்துகிற பெண் வேறு என்ன செய்வாள் என்று கேட்டார். பெண்களின் அபிப்பிராயம் அடுப்படியிலிருந்து வந்தது.

"அவ்வளவு பணம் வச்சிருக்கிற புருஷனை எதுக்குக் கொல்றா? கேட்டா குடுக்க மாட்டானா?" என்றாள் அம்மா.

"டாக்டருக்கு அந்த வீட்டுல என்னண்ணே வேலை? அங்க யாருக்கும் காய்ச்சல்கூட இல்லையே?" என்று அத்தை கேட்டாள்.

"நீ படமே பாக்கல. அப்புறம் என்ன டாக்டரு?" என்றார் அப்பா.

இந்தச் சமயத்தில்தான் கிள்ளானிலிருந்து அத்தைக்கு வரன் வந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. துறைமுகத்தில் வேலை. பையனும் கிள்ளானில் கிராணிதான். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்க்க வருவது மட்டும்தான் பாக்கி. மாமாவின் மனைவிக்கு அப்போது குழந்தை பிறந்திருந்தது. பத்து நாள் கூடமாட இருக்க அத்தையை அனுப்பினார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாமா குறும்புக்காரர். ஒரு சாயங்காலம் காற்று வாங்கப் போகலாம் என்று எங்களை அழைத்துப்போய்ச் சந்தைக் கடைகள் இருக்கும் பாசார் பக்கம் போட்டிருந்த படக்கூடாரத்துக்குள் நுழைத்துவிட்டார். அங்கே ஓடியது அதே படம். ஒரு கயிற்றைக் கட்டி இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் என்று பிரித்திருந்தார்கள். நான் சின்னப் பெண் என்பதால் கயிறு என்னைத் தடுக்கவில்லை.

பாதிப் படத்தில் விளக்கைப் போட்டார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் உயரமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் வறுத்த கச்சான் கடலை கொடுத்து, கொன்றது யாராக இருக்கும் என்று கேட்டார். பொண்டாட்டிதான் என்று நான் அப்பாவைப் போலவே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க அத்தை என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார்.

நான் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்க் கேட்டேன். அத்தை என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு, "டாக்டர்னு சொல்லு" என்றாள். திரையில் அப்போது ஒன்றுமே ஓடவில்லை. நான் போய்ச் சொன்னேன். "அட, எனக்கும் அதே சந்தேகம்தான்லா!" என்றார் அவர். அதையும் வந்து சொன்னேன். அத்தை கச்சானைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தாள். அந்த உயரமானவர்தான் மாப்பிள்ளை என்று மாமா வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னார். எனக்குத்தான் அது புதுச்செய்தியாக இருந்தது.

படம் முடியும்போது எங்களுக்கு இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. கிள்ளானில் கதை சொன்னவர் மனைவியையும் விட்டுவிட்டார், டாக்டரையும் விட்டுவிட்டார். கொன்றது தம்பி, சொத்துக்காகக் கொன்றான் என்றார். மனைவி அழுவது புருஷன் போன துக்கத்தில். அவள் அழுத அழுகையில் பெண்கள் பக்கம் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

கோலாலம்பூருக்குத் திரும்பும் ரயிலில் அத்தை என்னிடம் இரண்டு காரியம் செய்தாள். மாப்பிள்ளை சொன்னதை முதலிலிருந்து மூன்று முறை சொல்ல வைத்தாள். பிறகு, நாங்கள் படத்துக்குப் போனதை வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று பத்துமலை முருகன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பே பையன் இருந்த இடத்துக்குப் பெண் போய் வந்தாள் என்று வெளியே தெரிந்தால் அப்பாவால் தலைகாட்ட முடியாது. அது எனக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். மாமாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் வேலை, வர முடியவில்லை. அத்தை வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டே சொல்லிவிட்டார். வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. நல்ல நேரத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. அந்தக் கால் மணியை எப்படிப் போக்குவது என்று யோசித்த அப்பா, படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"கடைசியில அந்தப் பொம்பளை அழுவாளே, பாத்தீங்களா? என்னா சாமர்த்தியம்!"

"சாமர்த்தியமா? புருஷன் செத்தா அழ மாட்டாளா, பாவம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"கொன்னவளே அவதானே?"

"யாரு சொன்னா? கொன்னது தம்பிலா."

தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அப்பா சிரித்தார். "கடைசி வரைக்கும் உக்காராம எந்திரிச்சுப் போயிட்டீங்கபோல இருக்கு."

"நான் முன்வரிசையில உக்காந்து பாத்தவன். நீங்கதான் நடுவுல தூங்கியிருப்பீங்க."

"நான் ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்ப ரெண்டு தடவையும் தூங்கியிருக்கீங்க."

மாப்பிள்ளை மெதுவாக, ஊருக்கு ஊர் கதையை மாற்றிச் சொல்லியிருப்பார்களோ என்னவோ என்றார். அவருடைய அப்பா, பெரியவர்கள் பேசும்போது சும்மா இருக்கச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லை. "மாத்திச் சொல்ல அது என்ன கூத்தா, தம்பி? வெள்ளைக்காரன் எடுத்த படம்!" என்றார்.

நானும் அத்தையும் உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு ஊரிலும் இரண்டு விதமாகத்தான் சொன்னார்கள் என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும், பொண்டாட்டிதான் என்று அப்பா சொன்ன முடிவை நானே அன்று கூடாரத்தில் அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அதைச் சொன்னால் அத்தை கிள்ளானில் படம் பார்த்த கதை வெளியே வந்துவிடும். அத்தைக்குத் தெரியும், ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வந்து சபையில் பேச முடியாது. மிச்சம் நான்தான். சின்னப் பிள்ளை மாமாவோடு படத்துக்குப் போனதில் யாரும் குறை காண மாட்டார்கள். மாப்பிள்ளை கதவுப் பக்கம் திரும்பி என் முகத்தையே பார்த்தார். அத்தை என் மேல்கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் கிள்ளினாள், இன்னும் பலமாக. நான் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன். முருகன்மேல் செய்த சத்தியம் இல்லையா?

கூடத்தில் இப்போது படத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். "கட்டுன புருஷனைக் கொன்னவளுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்களே, உங்க வீட்டுல..." என்று தொடங்கிய அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது போதவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். பொண்டாட்டி என்றாலே விஷம் வைப்பாள் என்று நினைக்கிறவர்கள் வீட்டில் பெண்ணெடுக்கத் தங்களுக்கு என்ன தலையெழுத்து என்று கேட்டார் அவருடைய கணவர். தாம்பூலத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. மாப்பிள்ளைதான் கடைசியாக வெளியே போனார். செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

மாமா மூன்று வாரம் கழித்து வந்தார். அதற்குள் மாப்பிள்ளைக்குக் காஜாங்கில் வேறு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள். சண்டைக்குக் காரணம் என்ன என்று கேட்ட மாமா, அப்பா சொல்லி முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். கிள்ளானில் கதை சொன்னவருக்கும் அவருடைய தம்பிக்கும் வீட்டு மனைக்காகச் சண்டை, அதனால்தான் தம்பியைக் கொலைகாரனாக்கினான் என்றார். பிரிக்பீல்ட்ஸில் கதை சொன்னவர் தம் மனைவியோடு பேசி ஆறு மாதம் ஆகிறது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். உண்மையில் கிழவரைக் கொன்றது யார் என்பது அந்தப் பாஷை தெரிந்தவர்களுக்கே வெளிச்சம். பேச்சுவாக்கில், எங்களைப் படத்துக்கு அழைத்துப் போனதையும் மாமா உளறிவிட்டார்.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "உனக்குத் தெரியுமில்ல? அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?" என்றார்.

"சத்தியம் பண்ணியிருந்தேன்பா. அத்தைகூட ரெண்டு தடவை கிள்ளுனாங்க. அப்பவும் சொல்லலையே!" என்றேன். அவ்வளவு வலியிலும் வாக்கு மாறாமல் இருந்ததற்கு யாராவது ஒருவர் பாராட்டுவார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன்.

அத்தை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லுன்னுதாண்டி கிள்ளுனேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. மாமா குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு வருஷம் கழித்து ஈப்போவில் மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தையை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். படம் பார்க்கும் பழக்கமே இல்லாதவர். அத்தை இருந்தவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அடித்திருந்தால் தேவலையே என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு, அத்தை வந்து அடித்துவிடப் போகிறாள் என்று பயந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒளிந்து நின்றேன். அவள் வரவில்லை என்றதும் நிம்மதியாக விளையாட ஓடிவிட்டேன்.