சாய நூலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் பை

முற்றத்து மூங்கிலில் சிவப்பு நூல் காயும். அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பையும் காயும். வெந்நீர் ஒத்தடப் பை அளவு இருக்கும். வாயில் ஒரு வளையம், இடுப்பில் கட்ட ஒரு வார். பொதட்டூர்பேட்டையில் என் அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் நூலைத் தொட்டுப் பார்ப்பார்கள், சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்பார்கள். பை கண்ணில் பட்டதும் துண்டு மூக்குக்குப் போகும். அது கழுவிக் காய்கிற பை. அதில் சோப்பு வாசனைதான் வரும். துண்டில்தான் வேர்வை நாறும்.

அது என் பாவாவின் பை. பாவா என்றால் அக்கா புருஷன். நான் ஐந்தாவதோடு நின்றவன். திருத்தணியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் அந்தத் துண்டுகளைப் பற்றி ஒருவராவது எழுதி வைக்க வேண்டும்.

பாவா சாயம் போடுகிறவர். பட்டறை அவருடைய அண்ணனுடையது. அவரைப் பெரியவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். பெரியவர் கை எப்போதும் வெள்ளையாக இருக்கும். பாவாவுக்கு முழங்கை வரைக்கும் நிறம். தொட்டியில் கையை விட்டு நூலைப் புரட்டி, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பதம் பார்ப்பார். எல்லாச் சாயக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவர்கள் மூத்திரமும் நிறமாகப் போகும் என்பது அந்த ஊரில் பழைய கேலி. அதனால் பாவாவுக்குச் சிவப்பாகப் போனபோது யாரும் பயப்படவில்லை. பாவாவே பயப்படவில்லை. பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "சாயக்காரன் ஒண்ணுக்குப் போனா செவப்பாத்தான்டா போவும். பாலா போவும்? போய் தொட்டியைப் பாரு."

அக்காதான் கண்டுபிடித்தாள். அவள் பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. தெலுங்கு தேசத்து வியாபாரி ஒருவனுக்குப் பச்சைப் புடவை நூல் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. தொட்டியெல்லாம் பச்சை. என் கடை வாசலில் வந்து நின்று சொன்னாள்: "பச்சை போட்டுகினு இருக்காருடா. அப்பவும் செவப்பாத்தான் போவுது. அது சாயமில்லை." மறுநாள் ரயிலில் மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மூத்திரப்பையில் புற்று என்றார்கள். பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் வலது பக்கம் ஒரு வாய் வைத்து அனுப்பினார்கள். அந்த வாயில் மூத்திரம் ஓயாமல் சொட்டும். அடக்க முடியாது. அதற்குத்தான் ரப்பர் பை.

ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, எந்த ஜென்மத்துப் பாவமோ என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். முந்தின வருஷம் வரைக்கும் அவர் சாயம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்துதான் அதைச் சொன்னார்கள். அவர் குடித்த டம்ளரைப் பெரியவர் வீட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகு பாவா அங்கே தண்ணீர் கேட்டதில்லை.

அவருக்கு அழத் தெரியாது. கேலி தெரியும். ஒருமுறை மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்தோம். வழியில் நிறுத்தினார்கள். எல்லோரும் வேலியோரம் ஓடினார்கள். கண்டக்டர் இவரைப் பார்த்து, "ஐயா, எறங்கலையா? அப்புறம் நிறுத்த மாட்டோம்" என்றான். பாவா நகரவில்லை. "நீங்க ஓடுங்கப்பா. எனக்கு குந்தின எடத்துலயே ஆவுது." அவனுக்குப் புரியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்துவிட்டு அழாமல் இருப்பது கஷ்டம்.

பை ஓட்டையானால் என் கடைக்கு வரும். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, டியூபுக்கு ஒட்டுவது போல ஒட்டிக் கொடுப்பேன். வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்று வருகிறதா என்று பார்ப்பேன். "என்ன மச்சான், ஓவராயிலிங் முடிஞ்சுதா?" என்பார். கடைக்கு வருகிறவர்கள் அந்த வாளியைக் கண்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும். அவர்கள் சைக்கிளுக்கும் மணி இருந்ததில்லை, பிரேக்கும் இருந்ததில்லை.

பிறகு அவர் மகளுக்கு வரன் வந்தது. பள்ளிப்பட்டுப் பக்கம், தறிக்காரக் குடும்பம். கல்யாணம் திருத்தணி மலைமேல் என்று முடிவானது. பாவாவுக்கு ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது. மணையில் தானே உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அப்பா தன் கையைச் சேர்த்துப் பிடிக்க, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விடுவதுதான் தாரை. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. மகள் ஒரே வார்த்தை சொன்னாள்: "நைனா குந்தலைன்னா நானும் குந்தலை."

பெரியவர் முகூர்த்தம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. படியேறி வந்து, மண்டபத்தில் எல்லாம் எடுத்து வைத்த பிறகு துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "சாமி சன்னதி. இடுப்புல அதைக் கட்டிகினு மணையில குந்தலாமா? நானும் எம் பொஞ்சாதியும் குந்தறோம். பொண்ணு எல்லாருக்கும் பொண்ணுதானே." சுற்றி நின்ற சொந்தமெல்லாம் ஆங், ஆங் என்று தலையாட்டியது. அதில் பாதிப் பேர் சாயக்காரர்கள். அவர்கள் கையும் நிறம்தான். ஒருவனும் பாவாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பாவா காலையில் படியேறும் முன்பே பையைக் காலி செய்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். முகூர்த்தம் முடியும் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். தாங்கியிருக்கும். சுத்தம் பேசியவர்கள்தான் அந்த நேரத்தைத் தின்றார்கள்.

கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். அதிகம் பேசாத மனுஷன். "அப்பங்காரன் உசுரோட இருக்கச்சே இன்னொருத்தர் ஏங்க குந்தணும்? குந்துங்க சம்பந்தி, நேரம் ஆவுது." அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் ஆம்பளை என்று நான் எண்ணியது அவர் ஒருவரைத்தான்.

பாவா உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். மகள் கையைப் பிடித்தபோது, அவருடைய புது வேட்டியில் வலது இடுப்புப் பக்கம் கொஞ்சம் கருத்தது. பிறகு இன்னும் கொஞ்சம். பை நிறைந்து வாயோரம் கசிகிறது. எழுந்திருக்க முடியாது. எழுந்தால் பெரியவர் சொன்னது சரியென்று ஆகிவிடும். பாவா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

அக்கா பார்த்துவிட்டாள். தாரைத் தண்ணீரை நூல் போல விடுவதுதான் வழக்கம். அவள் செம்பை அப்படியே கவிழ்த்தாள். கைகளிலிருந்து வழிந்து மடியெல்லாம், வேட்டியெல்லாம், மணையெல்லாம் தண்ணீர். ஐயர், "போதும்மா, போதும்" என்றார். "கை தவறிப்போச்சு சாமி" என்றாள் அக்கா. பக்கத்திலிருந்த இன்னொரு செம்பையும் எடுத்து அதே இடத்தில் தவறவிட்டாள்.

எல்லோரும் அட்சதை போட முண்டினார்கள். பெரியவரும் வந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, வாய் நிறைய வாழ்த்தினார். "தாரைத் தண்ணி காலுல படுறது நல்லதுடா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆங், நல்லா மிதிங்க" என்றேன். வீட்டில் காய்ந்த பைக்கு மூக்கை மூடியவர் அவர். அன்று அவர் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது பாவா பாதிப் படியில் நின்றார். ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. "உங்க அக்கா என்னைக் குளிப்பாட்டிட்டா மச்சான்" என்றார். வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டு இறங்கினார்.

அதன் பிறகும் சில வருஷம் இருந்தார். பேரனைப் பார்த்தார். கடைசியில் புற்று வேறு இடத்தில் வந்து கொண்டுபோனது.

இப்போது எங்கள் தெருவில் ஒருவருக்கு அதே அறுவை. மெல்லிசான பைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. மாட்டுகிறார்கள், எறிகிறார்கள். ஒட்டுப் போட என்னிடம் வர வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் கடைக்காரன் அதைச் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, யாரும் பார்க்காதபோதுதான் கொடுக்கிறான். பை மாறியிருக்கிறது. துண்டு மாறவில்லை.

பாவா செத்த அன்று பெரியவர் குச்சியால் அந்த ரப்பர் பையைத் தூக்கினார். குப்பை மேட்டில் போடப் போனார். "குடுங்க மாமா" என்று அக்கா கையால் வாங்கினாள். கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். மூங்கிலில் போடவில்லை. வாசல் நிலையில் ஆணி இருந்தது, அதில் வாரைக் கட்டி, தலை உயரத்துக்குத் தொங்கவிட்டாள். "காயட்டும்" என்றாள். பிணம் உள்ளே கிடந்தது. வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்று பார்த்தார். பிறகு குனிந்து, அந்தப் பைக்கு அடியில் நுழைந்துதான் தம்பியைப் பார்க்க வந்தார்.