தவமணி ஊர் காட்டுகிறார்

பாலத்தின் நடுவுக்கு வந்ததும் தவமணி நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்களும் நிற்கத்தான் வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்து, "இதுதான் எங்கட ஆறு" என்பார். குரலில் ஆற்றுக்கே சொந்தக்காரி தெரிவாள்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. தவமணி ஆறுகளைப் புவியியல் புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்துபோனவர். அப்படிப்பட்டவருக்கு நாற்பதை நெருங்கும் வயதில், டென்மார்க்கில், வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் ஆறு வாய்த்திருக்கிறது. சும்மா விடுவாரா?

ஓபுறோ என்ற அந்த ஊர் ஓகூஸ் நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். ஒரு பாலம், ஒரு தேவாலயம், ஒரு வங்கி, சொசேஜ் விற்கும் வண்டி ஒன்று. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. வடக்குப் பக்கத்து மேட்டை ஊரார் மலை என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மலை இல்லை, டென்மார்க்கிலும் மலை இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் ஊராருக்கும் தவமணிக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை.

ஊரின் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாடப்புத்தகம் வந்து சேரும்வரை, டேனிஷ் வகுப்பு ஆசிரியை உல்லாசப் பயணிகளுக்கு அச்சடித்த சிறு பிரசுரத்தை வைத்துப் படிப்பித்ததன் பலன் அது. கடையில் ஈஸ்ட் கேட்கத் தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிய நாட்களிலேயே, சுவீடன் படை தேவாலயத்தில் குதிரை கட்டிய கதையை டேனிஷில் தங்குதடையின்றிச் சொல்வார்.

இதெல்லாம் ஊர்ப்பற்று என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஓபுறோவில் தமிழ்க் குடும்பம் தவமணியுடையது மட்டும்தான். கணவர் குலேந்திரன் இரும்பு வார்க்கும் இடத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் ஒரு "ம்", சாப்பாடு, நித்திரை. தவமணிக்குக் கதைக்க ஒரு பெண் வேண்டும். அது இல்லாத குறை அவரை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. ஆற்றங்கரை வாத்துகளுக்குப் பாண் பிய்த்துப் போட்டபடி, கத்தரிக்காய் விற்கிற விலையைப் பற்றி அவற்றிடம் முறையிட்டதைக் குலேந்திரனே காதால் கேட்டிருக்கிறார்.

புதிதாக வரும் அகதிக் குடும்பங்களை, "அங்கேயும் வீடு இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள்" என்று வீடு ஒதுக்கும் அலுவலகம் சிலசமயம் ஓபுறோவுக்கு அனுப்பும். வந்தவர்களைத் தவமணி பிடித்துக்கொள்வார். ஆறு, மலை, தேவாலயம், சரித்திரம் எல்லாம் காட்டாமல் விடமாட்டார். முதல் குடும்பம் பார்த்துவிட்டு அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போனது. அடுத்தது எஸ்பியர்க்குக்குப் போனது.

"நீ ஆத்தைக் காட்டிக் காட்டியே ஆக்களைக் கலைக்கிறாய்" என்றார் குலேந்திரன். அவர் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான வசனம் அது.

போன மார்ச் மாதத்து ஞாயிறொன்றில் வந்தவர்கள் அல்பேட்டும் அவர் மனைவி ரூத்தும். ஓகூசிலும் அவர்களுக்கு ஒரு வீடு காட்டியிருந்தார்கள். எது வேண்டும் என்று மறுநாள் சொல்லவேண்டும். தவமணி விடியவே எழும்பி றோல்ஸ் பொரித்து, வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் பாலத்துக்குக் கூட்டிப்போனார்.

"இந்தப் பள்ளத்தைத் தோண்டினது ஐஸ். ஒரு காலத்தில இஞ்சை முழுக்க ஐஸ்தான். பிறகு உருகிப் போச்சுது."

அல்பேட் விரல்களை ஊதிக்கொண்டார். "வடிவா உருகேல்லைப் போல கிடக்கு, அக்கா."

அடுத்தது தேவாலயம். தவமணி சைவம்தான், அதற்காக ஊர்த் தேவாலயத்தை விட்டுக்கொடுப்பாரா? ரூத் முதல்முறையாக வாய் திறந்தாள். "பூசைக்கு ஆக்கள் நிறைய வருவினமோ அக்கா?"

"இருக்க இடம் தாராளம்" என்றார் தவமணி.

ரூத் கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டாள். மலையைப் பார்த்தாள், இன்னும் இறுக்கினாள். வங்கியைப் பார்த்தாள், இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பஸ் தரிப்பிடத்து வாங்கில் வந்து உட்கார்ந்தபோது தவமணி மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டார். இதுவும் போச்சு.

காட்ட இனி ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. குலேந்திரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், "சண்டைக் கதையை மட்டும் எடுக்காதை. ஷெல்லுக்குப் பயந்து வந்த சனம்" என்று. ஆனால் பேசாமல் இருக்கத் தவமணியால் முடிந்தால்தானே.

"முந்தி இஞ்சை சுவீடன் ஆமி வந்தது."

ரூத் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமியோ?"

"ஓம். ஊரை எரிச்சவங்கள். சனம் ஆத்தைக் கடந்து ஓடினது." சொன்ன பிறகுதான் தவமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எப்பக்கா?"

"முன்னூறு வருஷத்துக்கு மேல."

"அதுக்குப் பிறகு?"

"ஜேர்மன்காரன் வந்தவன். பாலத்தில காவலுக்கு நிண்டவன், பிறகு போயிட்டான்."

"அதுக்குப் பிறகு?"

தவமணி பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தை நினைவில் புரட்டினார். "தபால் கந்தோர் கட்டினவை."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை, தங்கச்சி." சரக்குத் தீர்ந்துபோன வெட்கத்தில் குரல் இறங்கிவிட்டது. "ஒண்டுமே நடக்கேல்லை."

ரூத் கணவனின் பக்கம் திரும்பினாள். "கேட்டியளே? ஒண்டுமே நடக்கேல்லையாம்." கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்த சால்வையை மெல்லத் தளர்த்திவிட்டு வாங்கில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

ஓகூஸ் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் கடைசிப் பஸ். அல்பேட் பாதி எழும்பிப் பெண்சாதியைப் பார்த்தார். ரூத் அசையவில்லை. ஏறுகிறீர்களா என்று சாரதி டேனிஷில் கேட்டான்.

தவமணி ரூத்தின் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்தார். பிறகு சாரதியின் பக்கம் திரும்பி, போ போ என்று இரண்டு கைகளாலும் பஸ்ஸைத் துரத்தினார்.