டீசலில் கழுவிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை டீசலில் கழுவலாமா என்று மாமா என்னிடம் கேட்கவில்லை. உள்ளே இருந்த மதர்போர்டைக் கழற்றி, டீசல் தட்டில் முக்கி, கம்ப்ரஸர் காற்றை அடித்துக் காயவைத்த பிறகுதான் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு மச்சான், பச்சப்பசேல்னு எப்டி கீது! நீ இன்னாமோ பிரஷ்ஷால தடவிகினு குந்தியிருந்தியே."

அவர் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு என்ஜின் மெக்கானிக். உப்புக்காற்று பட்ட எதையும் டீசலில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு கரண்ட் கொடுத்தேன். திரையில் எழுத்து வந்தது. அது எப்படி உயிரோடு இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து சூடானால் மட்டும் அது படகு மாதிரி நாறும்.

நான் அப்போது அவர் பட்டறையில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஐஸ் ஃபேக்டரி, லாரி கிளீனர், கண்டெய்னர் யார்டு என்று சுற்றியதற்கு நடுவில் எட்டு மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூட்டை தூக்கினேன். மூட்டை என்றால் மானிட்டர். மாடிப்படியில் ஒன்றைக் கீழே போட்டதோடு அந்த உத்தியோகம் முடிந்தது. தூக்காத நேரத்தில் மேசைக்குப் பின்னால் நின்று, ரிப்பேர் செய்பவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் கம்ப்யூட்டர் படிப்பு. காசிமேட்டில் அது பெரிய படிப்பு.

படுக்கை பட்டறையில், பிரித்துப்போட்ட இரண்டு என்ஜின்களுக்கு நடுவே. சாப்பாடு காலடிப்பேட்டையில் அவர் வீட்டில். சோறு போட்ட அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டேன். அதனால் அவர் மாமா ஆனார், நான் மச்சான் ஆனேன். வேறு சொந்தம் கிடையாது.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்தவர். கம்ப்யூட்டர் வேலை என்பார். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

"டீ குட்த்துகினு இருந்தா. டீ கிளாஸ கம்ப்யூட்டர் பக்கத்துல வெப்பா. அத்தத்தான் கம்ப்யூட்டர் வேலைன்றா."

"யோவ், நீ வந்து பாத்தியா?"

"பாக்கணுமா இன்னா? உன் டீய நான் டெய்லி குடிச்சிகினுதானே கீறேன்."

ஒன்பது வருஷமாக ஓடிய இந்தச் சண்டையில் யாருக்கும் நஷ்டமில்லை. தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் அது வினையானது. எர்ணாவூரில் ஒன்று திறக்கப் போகிறார்கள், கல்லாவில் உட்கார ஒரு பெண் வேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்த ஓர் அம்மா சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை திறப்பு. வருகிறேன், வரவில்லை என்பதை வியாழனுக்குள் சொல்ல வேண்டும். அக்கா போயே தீருவேன் என்றார்.

"போய் எவனோ ஒர்த்தன் மிஷின ஒட்ச்சிட்டு வருவே. மானம் போவும்" என்றார் மாமா.

அந்த வாரம்தான் கொருக்குப்பேட்டை காயலான் கடையில், மாமா என்ஜினுக்குப் பழைய புஷ் வளையங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கூடப் போயிருந்த அக்கா குவியலுக்குள் கையை விட்டு ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பினார். அதன் பக்கவாட்டில் மயில் ஸ்டிக்கர். அவர் ஒட்டியதேதான். கிளியரிங் ஆபீஸை மூடிவிட்டார்கள். மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் அங்கே வந்து கிடந்தன. "இதுல ஒரு கார் கேம் கீது. ஆபீஸ்ல மத்தவன்லாம் ஆறாவது ரோட்லயே அவுட்டு. நான் பத்தாவது ரோடு போவேன்" என்றார் அக்கா.

மாமா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அந்தப் பத்தாவது ரோட்ட என் கண்ணுல காட்டு. வேலைக்குப் போ. இல்லாங்காட்டி இந்தப் பேச்சே நம்ம வூட்ல கூடாது."

அப்படித்தான் ஃபோர் எய்ட்டி சிக்ஸ் என்ற அந்தப் பழைய ரகப் பெட்டி பட்டறைக்கு வந்தது. போர்டில் இருந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அதை வெட்டி எறிந்தேன். பேட்டரி இல்லாததால் ஒவ்வொரு முறை போடும்போதும் அதற்கு ஞாபகமறதி. ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த எண்களை நாம்தான் தட்டிச் சொல்ல வேண்டும். அந்த எண்களைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். ஒரு படகுக்காரர் அதைத் தன் என்ஜினுக்கான அளவு என்று நினைத்துச் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு போனார். அவர் படகு ஓடியதா என்று நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை கார் ஆட்டம் திறந்தது. மேலிருந்து லாரிகள் வரும், நம் கார் ஒதுங்கிக்கொண்டே போக வேண்டும், ஒரு ரோடு முடிந்தால் அடுத்த ரோடு, ஆட்டத்துக்கு மூன்று கார், அவ்வளவுதான். நான் இரண்டாவது ரோட்டிலேயே செத்தேன். மறுநாள் அக்காவை வரச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் மாமா பக்கத்தில் நின்று, பெட்டி உயிர் பெற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இது, இஸ்த்துகினு கெடக்குது? என்ஜின் பத்தல."

"பழசு மாமா, இப்டித்தான் இருக்கும்."

"என்ஜின் பத்தலன்னா பெருசு வெக்கணும். நாளிக்கி தோத்துட்டு, மிஷினு சரியில்லன்னு உங்கக்கா சொல்லக்கூடாது."

படகுத் தொழிலில் அது சரி. பெரிய என்ஜின் வைத்தவன் முதலில் கரைக்கு வருவான், அவன் மீனுக்கு நல்ல விலை. எனக்கும் ஆசை வந்துவிட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தூரத்தில் நின்று பார்த்த வேலையை என் கையால் செய்யலாமே என்று. அன்று மதியமே காயலான் கடைக்குப் போய், பழைய போர்டைக் கொடுத்துவிட்டு அடுத்த தலைமுறை பென்டியம் போர்டு ஒன்றை மாற்றி வாங்கி வந்தோம். பெட்டியின் முன்பக்கம் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது. அதன் வயரைச் செருகப் புதுப் போர்டில் இடமே இல்லை. மாமா பட்டனைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் வாஷர் வைத்து நட்டுப் போட்டு முறுக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் பெட்டி உயிர் பெற்றது. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆட்டத்தைத் தட்டினேன். கார் தெரிந்தது, நொறுங்கியது. மறுபடி தட்டினேன். அக்காவின் விரல் பட்டனுக்குப் போவதற்குள் மூன்று காரும் காலி. லாரிகள் தனித்தனியாகத் தெரியவில்லை, மழை மாதிரி கோடு கோடாக இறங்கின.

மாமா நிதானமாகக் கேரியரைத் திறந்தார். "பத்தாவது ரோடுன்னே. மொத ரோட்லயே ஆஸ்பத்திரிக்குப் பூட்டியே."

"இது நம்ம காரே இல்லய்யா! பேய் புட்ச்ச மாதிரி ஓடுது!"

"வேகமா ஓட்றதுக்குப் பேருதாம்மே காரு."

அக்கா எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். வலைக் குவியல் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தம்பி, உங்கிட்ட சொல்றதுக்கின்னா. அவரு சொல்றது வாஸ்தவம். டீதான் குட்த்துகினு இருந்தேன். கணக்கு எழுதுறவரு சாப்புடப் போனா அந்த ஒரு மணி நேரம் இந்த ஆட்டம் ஆடுவேன். கம்ப்யூட்டர்ல எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா எத்த வெச்சுப் போவேன்? மத்தத அங்க போய்க் கத்துக்க மாட்டனா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: அந்தக் காலத்து ஆட்டங்களில் சிலவற்றுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது, என்ஜின் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும். தெரிந்த விஷயத்தை மறந்துவிட்டு, ஆட்டத்தை ஒரு தடவை போட்டுக்கூடப் பார்க்காமல், அக்காவின் வேலையை நான்தான் நட்டுப் போட்டு முறுக்கியிருந்தேன்.

புதன்கிழமை காலையில் பென்டியம் போர்டைக் கழற்றிக் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு நடந்தேன். காயலான் கடை பாய்க்குப் பக்கத் தொழில் ஒன்று உண்டு. கடைக்குப் பின்னால் ஆசிட் வாளிகளை வைத்து, கம்ப்யூட்டர் சில்லுகளின் கால்களில் இருக்கும் தங்கப் பூச்சைக் கரைத்து எடுப்பார். நான் போனபோது வாளிக்குப் பக்கத்தில் வரிசையாகச் சில்லுகள். எங்கள் போர்டு வெறுமையாக ஓரத்தில் கிடந்தது. அதன் சில்லு வரிசையில் ஐந்தாவதாக நின்றது.

"பாய், அத்த மட்டும் குட்த்துடு. இத்த வெச்சிக்கோ, புதுசு."

"புதுசுல இன்னா கீது தம்பி? பழசுலதான் தங்கம் ஜாஸ்தி. முந்தாநேத்து பெரிய என்ஜின் வோணும்னு உங்க மாமன் குதிச்சான், இன்னிக்கி நீ சின்ன என்ஜின் வோணும்ன்றே. குடும்பமே பேஜாரு."

"எங்கக்காவோட வேலை அதுல கீது பாய்."

பாய் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த மூட்டைகளைக் காட்டினார். "அந்த நாலையும் டெம்போல ஏத்திட்டு எட்த்துகினு போ." ஏற்றினேன். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். போர்டுகளின் முனை முதுகில் குத்தியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கற்ற தொழிலில் நிஜமாகவே உதவிய பகுதி அதுதான்.

பாய் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்ததில் சில்லின் மூன்று கால்கள் மடங்கியிருந்தன. மாமாவிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

"எதுக்குடா பழச திருப்பி வெக்கிறே?"

"மாமா, கட்டுமரத்துல ஆறு சிலிண்டர் என்ஜின் வெச்சா இன்னா ஆவும்?"

"கவுந்துடும்."

"அதான் ஆச்சு நேத்து."

மாமா சில்லைக் கையில் வாங்கினார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று திட்டிவிட்டு, இன்ஜெக்டர் துளை குத்தும் மெல்லிய கம்பியை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு காலாக நிமிர்த்தினார். அக்கா ஜெயித்தால் தனக்குத் தோல்வி என்பது அவருக்கு நினைவில்லை. கையில் ரிப்பேர் வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் நினைவிருக்காது.

வியாழன் சாயங்காலம் அக்கா மறுபடி உட்கார்ந்தார். பெட்டி பழையபடி முக்கி முனகி எழுந்தது. டீசல் வாடை வந்தது. நான் சுவரைப் பார்த்து எண்களைத் தட்டினேன். கார் வந்தது. லாரிகள் ஒவ்வொன்றாக, மரியாதையாக வந்தன.

அக்காவின் விரல்களை அப்போதுதான் முதல் முறையாகக் கவனித்தேன். பார்வை திரையில், முகத்தில் ஒன்றுமில்லை, இரண்டு விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. மூன்று, நான்கு, ஐந்தாவது ரோடு. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாவதில் கட்டிய கை அவிழ்ந்தது. ஏழாவதில் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"லெப்ட்ல லாரி வர்து! ஒதுங்குமே!"

"யோவ், சும்மா இரு."

"ரெண்டு ஜோடியா வர்றான் பாரு! நடுவுல பூந்துடு! பூந்துட்டா டா மச்சான், பூந்துட்டா!"

எட்டாவதில் ஒரு கார் போனது, ஒன்பதாவதில் இன்னொன்று. அக்கா கண்ணை எடுக்கவில்லை. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், அந்த இடம் மறுநாளும் வலித்தது. பத்து என்று எண் மாறியது. ரோடு நீலமாக வந்தது, வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. நாலு லாரி தாண்டி அக்காவின் கடைசிக் காரும் நொறுங்கியது.

"அவ்ளோதானா?" என்றார் மாமா, ஏமாந்துபோய்.

"அவ்ளோதான்."

மாமா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை.

"நாளிக்கி எத்தினி மணிக்குப் போவணும்?"

"பத்து."

"ஒம்போதுக்கே கெளம்பு. மொத நாளே லேட்டா போனா மருவாதி இல்ல. டேய், நீயும் பஸ்ஸுல கூடப் போ."

அன்று ராத்திரியே அந்த அம்மாவுக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, மறுநாள் காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த பிரிண்ட் எட்றது, மெயில் அனுப்புறதுன்றாங்களே, அதெல்லாம் எப்டின்னு இப்பவே சொல்லிடு. எர்ணாவூர் வர்றதுக்குள்ள முடிச்சிடு."

எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். எர்ணாவூருக்கு மூன்று ஸ்டாப் இருக்கும்போதே அது தீர்ந்துவிட்டது.