பம்பரம் தள்ளிப் பார்த்த வண்டி

என் தம்பி மனைவிக்கு அவள் ஆபீசில் வைத்த பெயர் பம்பரம். தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. வீட்டு வாசலில் ஒரு குழி இருக்கும், அதற்கு இரும்பு மூடி. கொக்கியால் மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து, கைக்கருவியில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. மற்றவர்கள் நாலு மணிவரை இழுத்தடிக்கிற சுற்றை அவள் இரண்டு மணிக்கே முடித்துவிட்டு, அடுத்து எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். பொறாமையில் வைத்த பெயர்தான் அது. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஆனால் எனக்குப் பொறாமை கிடையாது. பேண்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே பிழைக்கிறவள் நான். நடப்பதென்றால் எனக்குக் கசப்பு மருந்து.

அப்படிப்பட்டவள் பிள்ளை பெற்ற பிறகு ஐந்து மாதம் மூன்றாம் மாடியில் அடைந்து கிடந்தாள். லிஃப்ட் கிடையாது. பிள்ளையும் அவளுக்குப் பிறந்தவன்தானே, ஓரிடத்தில் இருக்க மாட்டான். தொட்டிலில் போட்டால் அலறல், பாயில் போட்டால் அலறல். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் தூங்குவான். நின்றால் உடனே கண்ணைத் திறந்துவிடுவான். கூடத்திலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி, திரும்பப் பதினோரு அடி. பகலும் ராத்திரியும் அதுதான் அவளுக்குச் சுற்று. நாலாம் மாதக் கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது, ஒரு வண்டி வாங்கித் தள்ளுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வண்டி என்றதும் நான்தான் முந்திக்கொண்டேன். என் மகளை வைத்துத் தள்ளிய நாலு சக்கர வண்டியைப் பதினெட்டு வருஷமாகப் பரணில் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருந்தேன். தூசு தட்டி, எண்ணெய் விட்டு, புதுத் துணியில் மெத்தை உறை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. அவர்கள் தெரு நடைபாதையில் கல் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பெயர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு இடுக்கிலும் சின்னச் சக்கரம் மாட்டிக்கொள்ள, பிள்ளை தூக்கிப் போட்டு முழித்துக்கொள்கிறானாம். "கோச்சுக்காதீங்க அக்கா" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அந்த ஒரு வாரமும் என் தம்பி போனும் கையுமாக இருந்திருக்கிறான். சரக்கு வேன் ஓட்டுகிறவன், சக்கரம் வைத்த எதைப் பற்றியும் அவனுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. மூன்று சக்கர வண்டிதான் மேடுபள்ளத்துக்கு நல்லது என்று ஒரு இடத்தில் படிப்பான், திருப்பத்தில் சாயும் என்று இன்னொரு இடத்தில் படிப்பான். காற்றடிக்கிற டயரா, கெட்டி ரப்பரா, முன் சக்கரத்தைப் பூட்ட முடியுமா முடியாதா என்று அக்குவேறு ஆணிவேறாக அலசுவான். அலசி முடித்ததும், அவசரப்பட வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்பான். பெண்டாட்டி பக்கத்திலேயே இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

கோபம் தணிந்து நான் போன அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான். அவள் நடந்துகொண்டே என்னிடம் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லக்கூடாது."

"சொல்லு."

"இவனை உங்ககிட்ட குடுத்துட்டு, படி இறங்கி, நான் பாட்டுக்கு நடந்து போயிடுவேனோன்னு பயமா இருக்கு. எங்கன்னெல்லாம் தெரியல. போயிட்டே இருப்பேன்னு தோணுது."

நான் சிரித்துவிட்டேன். "எங்க போவ நீ, பக்கத்து வீட்டு மீட்டரைப் பாக்கவா" என்று கிண்டல் வேறு. அவளும் சிரித்தாள். ஆனால் அவள் கண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வாங்கவில்லை என்றால் நான் உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றேன். காரணம் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் கடைக்குப் போனோம். பிள்ளை அவள் மடியில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தான். கடை முழுக்க வண்டிகள். கடைக்காரர் பேச ஆரம்பித்தால் மூச்சுவிட இடம் கொடுக்காத ஆள். மூன்று சக்கர வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். முன்னால் ஒற்றைச் சக்கரம், பெரிதாக, காற்றடித்த டயரோடு. பின்னால் இரண்டு, அடியில் ஸ்பிரிங். சாம்பல் நிறத் துணியைத் தடவிப் பார்த்தேன். தையல் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன்.

"மூணு சக்கரம் எப்படிங்க நிக்கும்? நாலு இருந்தாத்தானே ஸ்திரம்."

"முக்காலி ஆடிப் பாத்திருக்கீங்களா மேடம்? நாலு கால் ஸ்டூல்தான் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு ஆடும்."

தம்பி விடுவானா? சட்டென்று திருப்பினால், ஒரு பக்கம் சுமை ஏறினால், பிரேக் தேய்ந்தால் என்று ஆரம்பித்தான். கடைக்காரர் விளக்கப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பம்பரத்தைப் பார்த்து, "நீங்க குழந்தையை வெச்சு வெளிய தள்ளிப் பாருங்கம்மா, அந்தக் கம்பம் வரைக்கும்" என்றார். அவள் பிள்ளையைப் படுக்க வைத்து, வாரைப் போட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். நான் விலைச்சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிரேக் பாகம் முடிந்து டயர் பாகம் வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கம்பம் இருந்தது. அவள் இல்லை.

ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். பத்தாயிற்று. கால் மணி நேரம் ஆயிற்று. அவளுடைய போன் என் பையில் இருந்தது. கடைக்காரரின் பேச்சு மெல்ல மெல்ல நின்று, முகம் மாறியது. "சார், அது டிஸ்பிளே பீஸ். வண்டி வர்ற வரைக்கும் நீங்க இங்கயே இருக்கணும்" என்றார். என் தம்பி அடகு வைத்த பொருளாக ஸ்டூலில் உட்கார்ந்தான். அப்போதும் அவனுக்குக் கலக்கம் இல்லை. "அவ ரவுண்டுக்குப் போயிருப்பா அக்கா. இந்தக் கடைத்தெரு முனையில லாண்டரி இருக்குல்ல, அங்கதான் அவளுக்கு முதல் வீடு" என்றான்.

அவனுக்கு என்ன தெரியும்? அவள் சொன்னதைக் கேட்டவள் நான்தானே. லாண்டரிக்கு நேர் எதிர்த் திசையில் பஸ் நிலையம் இருக்கிறது. நான் ஓடியது அங்கேதான். கிளம்பத் தயாராக நின்ற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். ஒரு கண்டக்டர் எந்த ஊருக்கு என்று கேட்டார், தெரியாது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெஞ்சு, கழிவறை, தண்ணீர்க் குழாய் எல்லாம் தேடினேன். மூன்று சக்கர வண்டி எங்கும் இல்லை. தம்பியிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும், ஒன்றுமில்லாத கோபத்துக்கு ஒரு வாரம் போகாமல் இருந்திருக்கக் கூடாது என்று என்னை நானே திட்டிக்கொண்டு லாண்டரிப் பக்கம் திரும்பினேன்.

லாண்டரிக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "மீட்டர் பொண்ணுதானே? போய் ஒரு மணி நேரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை எதுக்கு ரீடிங்?" என்றார். இரண்டாவது சந்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மாள், "கொக்கி இல்லாம வந்திருக்கா. நான் மூடியைத் தூக்கி வெச்சா, பாக்காமலே போறா" என்று குறைபட்டாள். அடுத்த தெருவில் ஒருவர், "குட்மார்னிங் சொன்னேன், நிக்கவே இல்ல" என்றார். மத்தியானம் மூன்றரை மணிக்கு எதற்குக் குட்மார்னிங் என்று கேட்க எனக்கு நேரமில்லை. வீடு வீடாக அவள் சுற்றையே நானும் சுற்றினேன். பத்து வருஷம் தினமும் இப்படியா நடந்தாள் என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன்.

சுற்றின் கடைசியில் ஒரு ஏற்றம். அதன் நடுவில் சாம்பல் நிற வண்டி தெரிந்தது. கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. வாயில் விரலை வைத்துக் காட்டினாள். இரைக்க இரைக்கப் போய்ச் சேர்ந்துகொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பெயர்ந்த கல் மேல் முன் சக்கரம் ஏறி இறங்கியது, அவன் இமைகூட அசையவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கோபமும் வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? அங்க உன் புருஷனைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்காங்க. நான் பஸ் பஸ்ஸா ஏறி இறங்கிட்டு வரேன்."

"பஸ்ஸுலயா? ஏன் அக்கா?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவளுக்கே புரிந்தது.

"கம்பத்துக்கிட்ட தூங்கிட்டான்" என்றாள். "நின்னா முழிப்பான்னு லாண்டரி வரைக்கும் போனேன். அங்க திரும்பணும்னு நெனச்சேன். கால் திரும்பல." ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை, எனக்குத்தான் வாங்கியது. "அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன்ல, போயிடுவேன்னு. போயிட்டேன் அக்கா. நிஜமாவே போயிட்டேன். நாலு தெரு தாண்டிக் குனிஞ்சு பாக்கறேன், இவனையும் கூட்டிட்டுத்தான் போயிருக்கேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நடந்துகொண்டே அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்குச் சிரித்த வாயை ஊசிநூலால் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. "தப்பு என் மேலதான்டி" என்றேன். கைப்பிடியில் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். இரண்டு பேரும் தள்ளினோம்.

கடைக்குத் திரும்பியும் நிறுத்த முடியவில்லை. வாசலில் கம்பத்துக்கும் கதவுக்குமாக அவள் போய்வர, தம்பி கையில் புத்தகத்தோடு ஓடி வந்தான். "பின் பிரேக்குக்கு ஒரு வருஷம்தான் வாரண்டியாம்" என்று ஆரம்பித்தான். "வாயை மூடிக்கிட்டுக் கார்டை எடு" என்றேன். பெட்டியில் புதிதாக ஒன்று இருக்கிறது, இது ஆட்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். பிள்ளையை எடுத்து மாற்ற யாருக்குத் தைரியம்? கார்டு மெஷினைப் பிடித்துக்கொண்டு அவர் எங்களோடு நடந்தார். என் தம்பி நடந்துகொண்டே ரகசிய எண்ணை அழுத்தி, முதல் தடவை தப்பாக அழுத்தினான்.

வண்டியை மாடிப்படிக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தார்கள். மறுநாள் சாயங்காலம் என் தையல் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிட்டு அங்கே போனேன். அவள் பிள்ளையோடு கீழே இறங்கி வந்திருந்தாள். ராத்திரி தம்பிதான் தெருவில் தள்ளினானாம், அவள் நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாளாம். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, ஆனால் கால் மட்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நான் கைப்பிடியை வாங்கிக்கொண்டேன்.

"இவனை நான் பாத்துக்கறேன். நீ போய் நடந்துட்டு வா."

"தனியாவா?"

"தனியாத்தான். கையை வீசிக்கிட்டு."

நான் அவளுடைய பழைய பயத்தை நினைத்துத்தான் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். வண்டிக்குள் குனிந்து வாரைச் சரிபார்த்தாள். "அரை மணி நேரத்துல போயிட்டு வரேன் அக்கா" என்றாள். தெருமுனையில் வலப்பக்கம் திரும்பி மறைந்தாள்.

அரை மணி நேரம் ஆயிற்று. நான் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினேன். பிள்ளை தூங்கினான். முக்கால் மணி ஆயிற்று. தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு தடவை முனைக்குப் போகும்போதும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தேன். வண்டியை விட்டுவிட்டுத் தேடப் போக முடியாது, நிற்கவும் முடியாது. தம்பியிடம் என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரிய மனுஷி மாதிரி நானே அனுப்பி வைத்தேனே என்று நொந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆகப் போகிறபோது, நான் எட்டிப் பார்த்த பக்கத்தில் இல்லாமல், எனக்குப் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. வியர்வையில் நனைந்து, முடியெல்லாம் கலைந்து, வேகமாக வந்துகொண்டிருந்தாள். என் பக்கத்தில் வந்து என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவள் வண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தூங்குகிறவனுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கும் போகட்டுமா அக்கா?"