பத்தாவது நாற்காலி

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு குடியிருப்பின் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுவோம். ஏறுவதற்கு இருபத்திரண்டு படிகள். மேலே இரண்டு மின்விசிறிகள், ஒன்றுதான் சுற்றும். ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற வகைக் கணினி மொழிகளைப் படிக்கும் குழு எங்களுடையது. நடத்துகிறவர் ஒரு பள்ளிக்கூடத்துக் கணினி ஆசிரியை. மற்றவர்கள் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள். நான் கணக்குப் பட்டம் வாங்கிவிட்டு, திருமுடிவாக்கத்தில் ஒரு போல்ட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன்.

இந்த மொழிகளில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் பிறகு அதை மாற்றக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போகிற வழக்கம் கிடையாது. எனக்கோ அது ஒன்றுதான் தெரியும்.

முதல் பாகத்தில் தேறாதவர்கள் அடுத்து வரும் புதிய ஆட்களோடு அதை மறுபடி படிக்க வேண்டும் என்பது குழுவின் வழக்கம். நான் இரண்டு முறை படித்துவிட்டேன். மூன்றாவது முறை நடந்துகொண்டிருந்தபோது ஆசிரியை, புதிதாக யாரும் சேரவில்லை, இனி முதல் பாகமே இருக்காது என்று சொல்லிவிட்டார். கடைசி ஞாயிறன்று வைக்கும் சோதனையில் தேறாவிட்டால் அந்த அறையில் எனக்கு வேலையில்லை. வாரத்தின் ஏழு நாளில் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவது அந்த ஒரு நாள்தான்.

அன்று பத்து நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்தோம். கடைசி நாற்காலி காலி. நான் ஐந்தாவது. மொத்தம் எத்தனை பேர் என்று ஆசிரியை முதல் ஆளைக் கேட்பார். அவர் தனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று பின்னால் இருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் அடுத்தவரை. கடைசி ஆள், தனக்குப் பின்னால் காலி நாற்காலியைப் பார்த்து, ஒன்று என்பார். ஒவ்வொருவரும் ஒன்றைக் கூட்டி முன்னால் அனுப்பினால் ஒன்பது வந்து சேரும்.

எனக்கு முன்னால் இருந்த இளைஞர் திரும்பிக் கேட்டதும் ஒன்பது என்றேன். அறைக்குள் நுழையும்போதே எண்ணியிருந்தேன்.

"எண்ணாதீங்க சார்," என்றார் ஆசிரியை. "பின்னாடி இருக்கறவர கேளுங்க. அவர் சொல்றதோட ஒண்ணு கூட்டுங்க. அவ்ளோதான்."

இரண்டாம் முறை ஐந்து என்றேன்.

"விடை கரெக்ட்தான் சார்," என்றார் இளைஞர். "ஆனா நீங்க யாரையுமே கேக்கலியே. நாலு பேர் சும்மா உக்காந்துகினு இருக்காங்க பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் முறை முறையாகத் திரும்பிக் கேட்டேன். கேள்வி கடைசிவரை போனது. கடைசியில் இருந்தவர் ஒன்று என்று சொல்லி முடித்த பிறகு, தாமதமாக வந்த ஒருவர், கேம்ப் ரோட்டில் டிராஃபிக் என்று முனகியபடி பத்தாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் திரும்பியிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர் நான்கு என்றார். ஐந்து என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவரை எப்படி விடுவது? ஆறு என்றேன்.

முதல் ஆள் பத்து என்றார்.

"ஆள் பத்துதானே மேடம்? அப்ப சார் சொன்னது ரைட்டு," என்றார் இளைஞர். எனக்காகத்தான் பேசினார்.

ஆசிரியை தலையாட்டவில்லை. கேள்வி கேட்டபோது இருந்த வரிசைக்குத்தான் விடை, நடுவில் வந்தவர் அதில் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்தது. புரிந்தும், நான்காவது முறை கேட்டால் அதையேதான் செய்வேன் என்று தெரிந்தது. தேறியவர்கள் பலகையில் பெயர் எழுதக் கொடுக்கும் சுண்ணாம்புக்கட்டியை என்னிடம் நீட்டாமலே மேஜைமேல் வைத்துவிட்டார்.

சற்றுக் கழித்து ஒரு நீள நோட்டோடு என் அருகில் வந்தார்.

"சார், இனிமே அட்டெண்டன்ஸ் நீங்க பாத்துக்கறீங்களா? உங்க அளவுக்குக் கரெக்டா யாரும் பண்ண மாட்டாங்க."

கேலி இல்லை. அது இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். ஆசிரியையையும் சேர்த்துப் பதினொன்று என்று எழுதினேன். அவர்கள் இரண்டாம் பாகத்தைத் திறந்தார்கள். நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவி, தேறியாச்சா என்று கேட்டாள். குழுவில் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப ஒரு வாரம்கூட லீவு போட முடியாதே," என்றாள், பெருமையாக.

முடியாது என்றேன்.