ரெண்டு பிளேன் தூரம்

சுவா என்ற சின்ன ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகளில் புஷ்பவள்ளிக்குப் பொறாமைக்காரி என்று பெயர். நான் பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தாது என்று நானும் சொல்லமாட்டேன். அவள் பொறாமை முழுக்க ஒரே ஆள்மேல்தான், கொழுந்தனின் மனைவி மாதவிமேல். மாதவி வீட்டில் திரைச்சீலை மாறினால் மறு வாரமே இவள் வீட்டிலும் மாறும். கணவர் வீரமுத்து தோட்டத்து லாரி ஓட்டுநர். ஒரு வார்த்தை பேசாமல் ஆணி அடித்துக் கொடுப்பார்.

மாதவியின் மகன் சசிதரன் பெர்த்துக்கு வேலைக்குப் போனான். "அஞ்சரை மணி நேரம் பிளேன்லயே உக்காந்திருக்கணும் லா!" என்று கோயிலில் எல்லோரிடமும் சொன்னாள் மாதவி. புஷ்பவள்ளி பிரசாதம்கூட வாங்காமல் வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய ஒரே மகன் முகுந்தனுக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தது. ஒன்று சிங்கப்பூர், இன்னொன்று கனடாவில் டொராண்டோ. அவனுக்குச் சிங்கப்பூர்மேல்தான் ஆசை.

"ஒரு மணி நேரம்தான்மா. அப்பாவுக்கு ஒண்ணுன்னா ஓடி வந்துருவேன்."

"பஸ் ஏறிப் போற ஊரெல்லாம் ஒரு வெளிநாடாடா? மாதவி சிரிப்பா."

வீரமுத்து அன்றுதான் வாய் திறந்தார். "பையன் இஷ்டத்துக்கு விடு புள்ள."

அவள் விடவில்லை. அடுப்புப் பற்றவைக்காமல் படுத்துக்கொண்டாள். முகுந்தன் டொராண்டோவுக்குப் போனான்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பசாரில் மீன் விலையைக் கேட்டால்கூட, "எங்க முகுந்தன் ஊருக்கு ஒரு பிளேன் பத்தாது, ரெண்டு பிளேன் ஏறணும்" என்பாள். மாதவி பக்கத்தில் இருந்தால் குரல் இன்னும் ஏறும். ஒருநாள் அதைக் கேட்டு மாதவியின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று எங்கள் வீட்டுக்குக் கோழிப் பிரட்டல் வந்தது. நானும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை, லாரியில் ஏறப்போன வீரமுத்து மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

முகுந்தன் கிடைத்த முதல் விமானத்தில் கிளம்பினான். அப்படியும் சனிக்கிழமை விடியும்போதுதான் வந்திறங்க முடியும். எங்கள் பக்கம் சனிக்கிழமை பிணம் எடுக்கமாட்டார்கள். ஞாயிறு வரை வைத்திருக்கப் பெரியவர்கள் ஒப்பவில்லை. வெள்ளி மதியமே எடுப்பதென்று முடிவானது.

"கொள்ளி வைக்கிறது யாரு?" என்று கேட்டார்கள்.

முந்திய இரவே பெர்த்திலிருந்து வந்துவிட்ட சசிதரன் முன்னால் வந்தான். "பெரியப்பாவுக்கு நான் செய்றேன்."

ஈர வேட்டியோடு, தோளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தான். மாதவி முந்தானையால் அவன் முதுகைத் துடைத்துவிட்டாள். புஷ்பவள்ளி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாயையும் மகனையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பொறாமைப்பட்டு நான் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை முகுந்தன் வந்து சேர்ந்தான். மொட்டைத் தலையோடு வாசலில் நின்ற சசிதரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். மாதவியும் அங்கேதான் இருந்தாள்.

"கோவிச்சுக்காதம்மா" என்று அழுதான். "ரெண்டு பிளேன் ஏறணும்லம்மா."